டீ இடைவேளையில் கொடுத்த மாத்திரை

இந்த அறையில் என் இடத்துக்கு வரப்போகிறவருக்கும், மற்ற இரண்டு யூனிட்டுகளில் இதே வேலையில் சேர்ந்திருக்கும் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெறும் வயதில் இல்லை. முப்பத்தொன்றுதான் ஆகிறது. ஆனால் இந்த மாதத்தோடு வேலையை விடுகிறேன், மறுபடி ஒரு பனியன் கம்பெனியில் சேரும் எண்ணமும் இல்லை. அதனால் ஓய்வுபெற்றவளைப் போல இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். உண்டா என்று சந்தேகமாகவும் இருக்கிறது.

பதிவேடு எழுதுவது, எடை மெஷினைச் சரிபார்ப்பது, துணி வாங்கும் கம்பெனிகளின் ஆடிட் வரும்போது எந்தக் கோப்பை எடுத்து வைப்பது என்பதெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். படித்தால் புரிந்துவிடும். எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நான் செய்த தவறு.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் சத்துணவியல் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். தையல்காரர்களுக்கு நீங்கள் ஆபீஸ் ஆள். ஆபீசுக்கு நீங்கள் ஆடிட்டுக்காக வைத்திருக்கும் ஆள். நீங்கள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை இந்த அறையில்தான் திறப்பீர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று திரும்பிக் கேட்க ஆள் இருக்காது. கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நான் பலமுறை கேள்வியை டைப் செய்து அழித்திருக்கிறேன். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் இந்தக் கதையில் பாதி.

நான் சேர்ந்தபோது இங்கே இரும்புச்சத்து மாத்திரையை அட்டையோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். யாரும் போடமாட்டார்கள். கழிப்பறை ஜன்னலில் அட்டைகள் கிடக்கும். நான் அதை மாற்றினேன். காலை பத்தே முக்காலுக்கு டீ பெல் அடிக்கும். பத்து நிமிடம் லைன் நிற்கும். தையல், செக்கிங், அயர்னிங் மூன்று பிரிவும் ஒரே நேரத்தில் எழுந்து வருவது அப்போது மட்டும்தான். டீ கேன் வைக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையைப் போட்டேன். ரத்தம் குறைவாக உள்ள பெண்கள் வரிசையாக வந்து, என் கண்ணெதிரே விழுங்க வேண்டும், நான் டிக் அடிப்பேன். தண்ணீர்க் குழாய் ஷெட்டின் மறுமுனையில் இருந்தது. போய் வருவதற்குள் பெல் அடித்துவிடும். அதனால் கையில் இருக்கும் டீயிலேயே போட்டுக்கொண்டார்கள்.

"தண்ணியில போட்டா இரும்பு வாடை கொமட்டுதுங் மேடம். டீன்னா ஒண்ணுமே தெரியறதில்லீங்" என்று செக்கிங் அக்கா ஒருவர் சொன்னார். எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. ஆடிட்டர் படம் எடுத்தார். மற்ற யூனிட்டுகளுக்கும் இதே முறை போயிற்று. என் வாழ்க்கையில் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

மேசைக்குப் பின்னால் சுவரில் நானே எழுதிய போஸ்டர் இருந்தது. ஆன்டிஆக்சிடன்ட் பற்றியது. உடம்பு தன் வேலையைச் செய்யும்போதே நிலையில்லாத சில துகள்கள் உண்டாகின்றன, புகையும் தூசியும் அவற்றைக் கூட்டுகின்றன, அவை நம் செல்களை அரிக்காமல் தணித்துவைக்கும் பொருள்கள் காய், கனி, கீரையில் இருக்கின்றன என்று எளிமையாக எழுதியிருந்தேன். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, தக்காளி எல்லாவற்றையும் வரைந்திருந்தேன். கடைசியில், எல்லோரும் தினமும் குடிப்பதாயிற்றே என்று ஒரு டீ டம்ளரையும் வரைந்து, "தேநீரிலும் உண்டு" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

ஐந்து மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. மாத்திரை போட்டவர்களில் பலருக்கு அளவு அசையவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் துப்பிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் வரிசையில் நின்று, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

அந்த வரிசையில் சகாயமேரியும் நின்றாள். ஓவர்லாக் மெஷினில் தைப்பவள், திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அப்போது ஏழாம் மாதம். அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். வீட்டில் மறந்துவிடுவாள் என்ற பயம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒன்றைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பேன். அவள் ஒருநாளும் தப்பவில்லை.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. சோகையாக இருக்கிறாள் என்று குழந்தை டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். எனக்குக் குழந்தை விஷயத்தில் எல்லாமே பயம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை முழுதாகப் படிக்காமல் ஒரு சொட்டும் கொடுக்கமாட்டேன். அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று படித்தேன். நடுவில் ஒரு வரி. பால், டீ, காபியுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

நான் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. தேநீரில் உள்ள அதே பொருள்கள், நான் போஸ்டரில் புகழ்ந்த அதே ஆன்டிஆக்சிடன்ட்டுகள், குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் சேரவிடாமல் பண்ணும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி அதற்கு நேர்மாறாக இரும்பைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போகும். அதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான். இரண்டையும் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியவள் நான். ஆனால் டீ மேடைக்கும் என் மேசைக்கும் நடுவில் இருந்த ஒரு முழ தூரத்தில் அந்தப் பாடத்தை நான் பார்க்கவே இல்லை. வரிசை நேராக நிற்கிறதா, டிக் எல்லாம் விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டீ பெல்லுக்கு முன்னாலேயே சகாயமேரி அறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மேடம், எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க."

"என்னம்மா ஆச்சு?"

"நேத்து ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தாவ. எட்டுலயே நிக்கி. டாக்டரம்மா எல்லாரு முன்னாலயும் சத்தம் போட்டுட்டாவ. மாத்திரைய எங்க கொண்டு கொட்டுத, வயித்துல இருக்க பிள்ளைய நெனச்சியான்னு. எங்க அத்தை கூடத்தான் வந்தாவ. வீட்டுல ஒரு மாத்திர அட்டைகூடக் கெடையாதே, நான் அப்பவே நெனச்சேன்னுட்டாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரு ராத்திரியில இருந்து எங்கூடப் பேசல மேடம். முதப் பிள்ள கலைஞ்சதுக்கும் நான்தான் காரணம்னு அத்தை இப்பச் சொல்லுதாவ. நான் தெனமும் போட்டத நீங்க பாத்தியள்லா? வாயத் தொறந்துகூடக் காட்டுனேம்லா?"

பார்த்தேன். நான்தான் பார்த்தேன்.

எழுதித் தருகிறேன், சாயங்காலம் வா என்று அனுப்பினேன். அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி இன்னும் எனக்குள் சமாதானம் இல்லை.

லெட்டரை எழுத உட்கார்ந்தேன். சகாயமேரி வேலைநாள் மாத்திரைகள் எல்லாவற்றையும் என் முன்னிலையில் உட்கொண்டார் என்று ஒரு வாக்கியம். அது முழு உண்மை. பதிவேடு சாட்சி. அவள் கேட்டதும் அவ்வளவுதான். அதோடு நிறுத்தினால் வீட்டில் அவள் பெயர் சரியாகிவிடும், என் பெயரும் கெடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன நினைப்பார்கள்? சரியாகப் போட்டும் ஏறவில்லை என்றால் வேறு ஏதோ பெரிய கோளாறு என்று தேடுவார்கள். பிரசவத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில் தேவையில்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போனேன். எல்லோரும் பி.எம். என்றுதான் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தமாட்டார். நடந்ததைச் சொல்லி, மாத்திரையை டீ நேரத்திலிருந்து மாற்ற வேண்டும், லெட்டரில் டீயைப் பற்றியும் எழுத வேண்டும் என்றேன்.

அவர் ஷெட்டின் பக்கம் கையை நீட்டினார்.

"ஏனுங் மேடம், டீ நல்லதுன்னு நீங்கதானுங்க செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்க?"

"நல்லதுதாங்க சார். மாத்திரையோட சேர்த்துத்தான் ஆகாது."

"அந்தப் புள்ள மாத்திர போட்டுதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. அது பொய்யில்லீங்களே? கம்பெனி பேர்ல போற காயிதமுங்க. நாளைக்கி எவனாச்சும் அதப் படம் புடிச்சுப் போட்டா நானுந்தானுங்க பதில் சொல்லோணும்."

"பாதிதாங்க உண்மை, சார்."

"அப்பறம், லைனை இன்னொருக்கா நிறுத்தச் சொல்றீங்க. வர்ற வாரம் ஷிப்மென்ட்டுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை. அவர் மேசையில் பாலிதீன் பையில் போட்ட ஒரு வெள்ளை டீ-ஷர்ட் இருந்தது. மடிப்பு ஓரங்களில் மஞ்சளடித்திருந்தது. முந்தின வருடம் வெள்ளை ஆர்டர் ஒன்று பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகித் திரும்பி வந்த கதை எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். காரணம் என்னவென்று அவரையே கேட்டேன்.

"பாலிபேக்குதானுங்க. பை கெட்டுப் போகாம இருக்கறதுக்கு அதுல ஒரு கெமிக்கல் போடறாங்க. அது காத்துல இருக்கற பொகையோட சேந்து துணியில ஏறிக்குது. அதுக்கும் பேரு நீங்க சொல்ற அதேதானுங்க, ஆன்டிஆக்சிடன்ட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "எங்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட்டுன்னாலே பகீர்ங்குமுங்க."

"பையில தப்பு இருந்துதுங்களா சார்?"

"இல்லீங்க. பை நல்ல பைதான்."

"துணியில?"

"அதுவும் ஏ கிளாஸுங்க." டீ-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டயும் ஒண்ணா வச்சதுதான் தப்பு."

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

"மத்தியானச் சோத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால ரெண்டு நிமிஷம். மூணுன்னா முடியாதுங்க. தண்ணி டிரம் ஒண்ணு லைனுக்குள்ளாறயே வச்சுக்குங்க. லெட்டர உங்க கையெழுத்துல எழுதுங்க, கம்பெனி சீல் வேண்டாம்."

அப்படியே எழுதினேன். தினமும் உட்கொண்டார், டீயுடன் உட்கொண்டார், அந்த ஏற்பாடு என்னுடையது. மூன்று வாக்கியம். சாயங்காலம் சகாயமேரியிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது வாக்கியத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ நான் போட்டதெல்லாம் வீணா மேடம்?"

"எல்லாம் வீணில்ல. கொஞ்சம்தான் உடம்புல சேர்ந்திருக்கும்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "வாயத் தொறக்கச் சொன்னியளே மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் லெட்டரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீயோடயா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். அந்த ஹாலில் என் படிப்பின் பெயர் அவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"டீ மட்டும்தான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். பூச்சி இருக்கலாம், வேறயும் இருக்கலாம். பாத்துடுவோம். ஆனா இனி காத்திருக்க நேரம் இல்ல, டிரிப்ஸ்ல இரும்பு ஏத்திடலாம்." பிறகு அவளிடம் கேட்டார். "வேற ஏதாச்சும் சாப்பிடறியாம்மா? பொடி, மாத்திரை?"

சகாயமேரி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியில் மாதுளம்பழப் படம். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை. என் போஸ்டரைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதாம். என்னிடம் அவள் சொன்னதே இல்லை. ஏன் சொல்வாள்? நான் டிக் அடிப்பவள்.

"இது இப்ப வேண்டாம்" என்று டாக்டர் டப்பாவை ஓரமாக வைத்தார். "கொய்யாப்பழம் தின்னு, சாப்பாட்டுல எலுமிச்சை பிழிஞ்சுக்கோ. பழத்துல இருக்கறப்ப அளவு மீறாது. டப்பாவுல எவ்வளவு இருக்குன்னு எனக்கே படிச்சாத்தான் தெரியும்."

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உணவில் இருக்கும் இந்தப் பொருள்களைத் தயங்காமல் சொல்லுங்கள். நெல்லி, கொய்யா, கீரை, நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதெல்லாம் சொல்லுங்கள். அதையே பிரித்தெடுத்து மாத்திரையாக அடைத்துக் கேட்டால், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். நல்லது என்ற சொல்லை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எதோடு, எப்போது, யாருக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். எழுதி ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் போஸ்டரின் கீழே நின்று அவர்கள் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். தெரியவில்லை என்றால் தோழிகளின் குழுவில் கேட்டுவிடுங்கள். அழிக்காதீர்கள்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரிப்ஸ் ஏற்றியபின் அவளுக்கு ரத்தம் கூடியது. பூச்சி மருந்தும் கொடுத்தார்கள், அதனால் எது எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. பெண் குழந்தை, சுகப் பிரசவம். இங்கே அடுத்த முகாமில் பலருக்கு அளவு ஏறியிருந்தது. சிலருக்கு ஏறவில்லை. அவர்களை நான் நாக்கை நீட்டச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வரிசையில் நின்ற பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போச்சாதுங் மேடம், உடுங்க" என்று சிரித்தார்கள். ஆனால் அதன்பிறகும் மத்தியானம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அதை நீங்கள் எதிர்பார்க்காமல் இருந்தால் நல்லது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சகாயமேரியிடமிருந்து போன் வந்தது. டாக்டர் சீட்டைக் காட்டியும் அத்தை என்று அவள் சொல்லும் மாமியார் நம்பவில்லை, நீ அழுது எழுதி வாங்கியது என்கிறார் என்றாள். என் கணவர் ஊரில் இல்லை. மகளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் அவர்கள் இருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்குப் போனேன். வழியெல்லாம், நான் போவதால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று யோசித்தேன். இரண்டு தடவை வண்டியை நிறுத்தினேன்.

ஒரே அறை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் கணவன் ஜெபராஜ் வாசல் பக்கமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகாயமேரி அடுப்புப் பக்கம், சுவரைப் பார்த்து நின்றாள்.

நான் உட்காரவில்லை. சொன்னேன். மாத்திரை வீட்டில் இல்லாதது நான் வாங்கி வைத்துக்கொண்டதால். அவள் ஒருநாளும் விடவில்லை. டீயோடு போடவைத்தது நான். அது கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், நான் யோசிக்கவில்லை.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா, நீங்க எத்தன வருசம் படிச்சிய?"

"அஞ்சு வருசம்மா. காலேஜ் மட்டும்."

"அஞ்சு வருசம் படிச்சிட்டு நீங்க செஞ்ச கூத்துக்கு, அஞ்சு நாளா நான் இந்தப் பிள்ளைய வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். பாவத்த யாரு தலையில போட? ஒங்க தலையிலயா, என் தலையிலயா?"

"என் தலையிலதாம்மா."

"அப்படிச் சொல்லிட்டாப் போதுமா? பேசுன வாய் என் வாய்லா?" அவர் எழுந்து அடுப்பருகே போனார். "டீ போடுதேன், குடிக்கியளா? இல்ல, அதுவும் படிப்புல கூடாதுன்னு போட்டிருக்கா?"

குடிக்கிறேன் என்றேன். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டான். என்னிடம் கையை நீட்டி, "அந்த லெட்டரக் குடுங்க" என்றான். என்னிடம் இருந்த நகலைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பி, உதடு அசைய மெதுவாகப் படித்தான். மூன்று வாக்கியம்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு மடித்தான். அடுப்புப் பக்கம் திரும்பினான்.

"மேரி, காலைல சாப்பிட்டியா?"

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த அன்றிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று எனக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்தபடியே இல்லை என்று தலையசைத்தாள். தோள் குலுங்கியது. மாமியார் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏட்டி, ரெண்டு நாளா எதயும் திங்காம இருக்கியே, என்ன பொம்பளட்டி நீ" என்று சத்தம் போட்டுக்கொண்டே தட்டை எடுத்தார். ஜெபராஜ் சாப்பாட்டுப் பானையின் மூடியைத் திறந்தான். மூன்று பேரும் அந்தச் சின்ன அடுப்பின் முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு டீ போட யாருக்கும் நினைவில்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன். போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் யாரும் திரும்பவில்லை. சொல்லாமலே இறங்கி நடந்தேன்.